பலாங்கிகாவை முன்வைத்து: பிலிப்பைன்ஸில் ஒரு சிற்றூர் எப்படி ஆளப்படுகிறது?

பிலிப்பைன்ஸின் கிராமப்புற நகராட்சி ஒன்றின் நிலம், வரலாறு, உள்ளாட்சி மூன்றையும் ஏதாவது ஓர் ஊரை வைத்து விளக்க முடியுமா என்பது கேள்வி. அந்த நாட்டில் ஏறத்தாழ 1,490 நகராட்சிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து நான் பலாங்கிகாவை எடுத்துக்கொள்கிறேன். 1901 செப்டம்பர் மாதத்தில் ஒரு காலைப் பொழுது அந்த ஊரை உலக வரலாற்றில் ஏற்றிவிட்டது: ஊரில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படை மீது ஊர் மக்கள் பாய்ந்து 48 பேரைக் கொன்றார்கள். அதைப் பற்றி எழுதுபவர்கள் ஒன்று வீரக் கதையாக எழுதுவார்கள், அல்லது படுகொலைக் கதையாக எழுதுவார்கள். எனக்கு அது முதன்மையாக ஓர் உள்ளாட்சியின் கதை. திட்டம் தீட்டியவர் ஊர்த் தலைவர், முதல் அடி அடித்தவர் ஊர்க் காவல் தலைவர், காரணமாக அமைந்தது தெருவைச் சுத்தம் செய்யச் சொன்ன ஓர் உத்தரவு. இந்தக் கோணத்தில் பார்த்தால் அன்றைய ஊருக்கும் இன்றைய ஊருக்கும் உள்ள தொடர்பு நன்றாகப் புலப்படும்.

முதலில் நிலம். பிலிப்பைன்ஸின் நடுப்பகுதியான விசயாஸ் தீவுக்கூட்டத்தின் கிழக்கோரத்தில், பசிபிக் பெருங்கடலுக்கு முகம் கொடுத்து நிற்கிறது சமார் தீவு. லூசோனுக்கும் மிந்தனாவோவுக்கும் அடுத்தபடியாக நாட்டின் மூன்றாவது பெரிய தீவு அது. அதன் தென்கரையில், லெய்தே வளைகுடாவைப் பார்த்தபடி, மேற்கே லவாஆன், கிழக்கே கிபோர்லோஸ் என்ற இரு நகராட்சிகளுக்கு நடுவில் பலாங்கிகா இருக்கிறது. கிழக்குச் சமார் மாகாணத்தைச் சேர்ந்தது. பரப்பு சுமார் 190 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 14,000-ஐ ஒட்டி. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 75 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டுச் சராசரியில் இது நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

நகராட்சி என்றதும் கடைத்தெருவும் நெரிசலும் நினைவுக்கு வரக்கூடாது. பிலிப்பைன்ஸில் நாட்டின் நிலம் முழுவதுமே ஏதாவது ஒரு நகரத்துக்கோ நகராட்சிக்கோ உட்பட்டதுதான். காடு, மலை, வயல், அவற்றுக்கு முன்னால் உள்ள கடல் எல்லாம் அதற்குள் அடக்கம். கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள கடல் நகராட்சி நீர்ப்பரப்பாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே யார் மீன் பிடிக்கலாம் என்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் நகராட்சியிடம் இருக்கிறது.

பலாங்கிகாவின் வரைபடத்தில் உடனே கண்ணில் படுவது குடியிருப்புகள் ஒரே பக்கமாகக் குவிந்திருப்பது. நகராட்சியின் அடிப்படை அலகு பரங்கை, அதாவது தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் மன்றமும் கொண்ட சிற்றூர்ப் பிரிவு. பலாங்கிகாவில் 13 பரங்கைகள் உள்ளன. அவற்றில் ஆறு, ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் நடுவத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு போப்லசியோன் ஒன்று முதல் ஆறு வரை என்று எண்ணால் அழைக்கப்படுகின்றன. பக்ஹாவ், காக்-ஓலாங்கோ, கன்சுமாங்காய், கின்மாஆயோஹான், மாய்புங்கா, சான் மிகேல், சாந்தா ரோசா என்ற மற்ற ஏழும் கரையோரமாகவும் உள்ளேயும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கும் பின்னால் வடக்கே விரிவது பெரும்பாலும் காடு. தீவின் நடுப்பகுதி சுண்ணாம்புக்கல் குன்றுகளும் குகைகளும் நிறைந்த மழைக்காடு. அதில் 3 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பு 2003-இல் சமார் தீவு இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இங்கே வறண்ட பருவம் என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும், நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டும். பிழைப்பு தென்னை, மீன், சிறிதளவு நெல், வேர்க்கிழங்குகள், சணலைப் போல நார் தரும் அபாகா வாழை. தென்னையிலிருந்து கொப்பரை விற்பனைக்குப் போகும், தூபா என்ற கள் ஊரிலேயே குடிக்கப்படும். சதுப்புநில மரப்பட்டையைப் பொடித்துப் போட்டுச் சிவக்க வைப்பது சமார், லெய்தே பக்கத்து வழக்கம். இந்தத் தூபாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாகாணத் தலைநகர் போரோங்கான் கிழக்குக் கரையில் இருந்தாலும், பெரிய மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் மொத்தச் சரக்குக்கும் இந்தத் தென்கரை மக்கள் பார்ப்பது மேற்கே, அடுத்த தீவான லெய்தேவில் உள்ள தக்லோபான் நகரத்தை. இரண்டு தீவுகளையும் இணைப்பது 1973-இல் திறக்கப்பட்ட, 2 கிலோமீட்டருக்கும் சற்று நீளமான சான் ஹுவானிகோ பாலம். 2025 மே மாதம் அதன் கட்டமைப்பு பலவீனமாக இருக்கிறது என்று கண்டறிந்து 3 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தடை செய்தார்கள். பேருந்தும் சரக்கு லாரியும் நின்றன. பாசே நகராட்சியில் உள்ள அமந்தாயேஹான் சிறு துறைமுகத்திலிருந்து லாரிகளைப் படகில் ஏற்றி அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒரு தீவின் பொருளாதாரம் ஒரே பாலத்தில் தொங்குவதை அந்தச் சில மாதங்கள் காட்டின. பாலம் தேசிய அரசின் பொதுப்பணித் துறையுடையது, அதன் விஷயத்தில் எந்த நகராட்சித் தலைவரும் எதுவும் செய்ய முடியாது.

வரலாற்றுக்கு வருவோம். ஸ்பானியர் வருவதற்கு முன் இந்தக் கரையோர வாழ்க்கை ஆற்று வாய்களில் சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறியிருந்தது. மகெல்லன் 1521 மார்ச்சில் முதலில் கண்ட பிலிப்பைன்ஸ் நிலம் சமார்தான். அவர் இறங்கிய ஹோமோன்ஹோன் தீவும் இதே வளைகுடா வாயில் இருக்கிறது. பிறகு வந்த மதப் பணியாளர்களுக்குச் சிதறிய மக்களைச் சமாளிப்பது பெரிய தலைவலி. ஞானஸ்நானம் கொடுக்கவும் வரி வாங்கவும் ஆட்களை ஓரிடத்தில் குவிக்க வேண்டியிருந்தது. கோயில் மணியின் ஓசை எட்டும் தூரத்துக்குள் குடியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் வைத்த அளவுகோல். இன்று நாடு முழுவதும் காணும் ஒரே மாதிரியான ஊர் நடுவம், அதாவது சதுக்கம், ஒரு பக்கம் தேவாலயம், எதிரே ஊராட்சிக் கட்டடம், சுற்றிலும் வசதியுள்ளவர் வீடுகள் என்ற அமைப்பு, அந்த அளவுகோலின் பலன். பலாங்கிகாவின் ஆறு போப்லசியோன்களும் அதே மரபின் தொடர்ச்சிதான்.

சமாரில் முதலில் யேசு சபையினர் இருந்தார்கள். 1768-இல் அவர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு பொறுப்பு வேறு சபைகளுக்குப் போய், காலப்போக்கில் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் வந்தது. பலாங்கிகா முதலில் கிழக்கே உள்ள கிவான் ஊரின் பங்கில், அதாவது அந்தத் தேவாலயத்தின் ஆளுகைப் பகுதியில், ஒரு கிளைக் குடியிருப்பாக இருந்து, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தனி ஊராயிற்று. பாதுகாவலர் புனித லோரென்சோ, அவருக்குரிய திருநாள் ஆகஸ்ட் 10. அண்டை நகராட்சிகளான லவாஆனும் கிபோர்லோஸும் அன்று தனி ஊர்கள் அல்ல. பலாங்கிகாவின் பகுதிகளாக இருந்து, 20-ஆம் நூற்றாண்டில்தான் பிரிந்து போயின.

ஸ்பானிய ஊராட்சியில் மேலே கோபர்னடோர்சில்யோ என்ற ஊர்த் தலைவர், கீழே 50 முதல் 100 குடும்பங்களுக்குப் பொறுப்பான பரங்கைத் தலைவர்கள். இவர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள். உண்மையான அதிகாரம் பங்கு குருவிடம் இருந்தது. கணக்கு, பள்ளி, கட்டாய வேலைப் பட்டியல் எல்லாவற்றுக்கும் அவர் கையொப்பம் தேவைப்பட்டது. ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் கூலியில்லா வேலை செய்ய வேண்டும், 1884-இல் அது 15 நாளாகக் குறைந்தது. வரி பாக்கியை உடலுழைப்பால் தீர்க்கும் பழக்கம் ஊருக்கு நன்கு தெரிந்த ஒன்று. 1901-இல் அந்தப் பழக்கம் எதிர்பாராத விதத்தில் பயன்பட்டது.

ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்தது. அமெரிக்க ஆட்சியை எதிர்த்த பிலிப்பைன்ஸ் குடியரசின் சார்பில் சமாரில் போரிட்டவர் ஜெனரல் விசென்தே லுக்பான். அவருடைய ஆட்கள் மலைக்குள் இருந்தார்கள், கரையோர ஊர்களிலிருந்து அரிசியும் அபாகாவும் அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. பலாங்கிகாவின் தலைவர் பெட்ரோ அபயான் 1901 மே மாத இறுதியில் லுக்பானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கர் வந்தால் வெளியே நட்பாக நடந்துகொள்வோம், தக்க தருணம் வாய்க்கும்போது எழுவோம் என்பது அதன் சாரம். தன் ஊருக்கு அமெரிக்கப் படை வருவதற்கு முன்பே இப்படி எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கத் தரைப்படையின் 9-ஆவது ரெஜிமென்டைச் சேர்ந்த சி கம்பெனி, திருநாளுக்கு மறுநாளான ஆகஸ்ட் 11 அன்று கரையிறங்கியது. மலைக்குச் சரக்குப் போகும் வழியை அடைப்பது அதன் வேலை. தளபதி கேப்டன் தாமஸ் கானெல், ஒழுக்கத்திலும் சுகாதாரத்திலும் கறாரானவர். மேலதிகாரி சோதனைக்கு வரப்போகிறார் என்று ஊரைத் துப்புரவாக்கச் சொன்னார். வீட்டைச் சுற்றியிருந்த செடிகொடிகளை வெட்டியதில் உணவுப் பயிர்களும் போயின. அவர் குப்பை என்று பார்த்தது அவர்களுக்குச் சோறு. உணவைக் காக்க வேண்டும் என்று மலையிலிருந்து லுக்பான் இட்டிருந்த கட்டளையும் இதனால் மீறப்பட்டது. கீழே கானெலின் உத்தரவு, மேலே லுக்பானின் உத்தரவு, நடுவில் ஊராட்சி.

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் தூபாக் கடை ஒன்றில் குடித்திருந்த இரண்டு சிப்பாய்கள் கடையில் இருந்த பெண்ணிடம் முறைகேடாக நடக்க முயன்றார்கள். அவளுடைய சகோதரர்கள் அவர்களை அடித்தார்கள். பதிலுக்குக் கானெல் ஊர் ஆண்களை மொத்தமாகப் பிடித்து, 16 பேர் படுக்கக்கூடிய இரண்டு கூம்புக் கூடாரங்களில் இரவெல்லாம் அடைத்தார். பிடிபட்டவர்கள் 140-க்கு மேல். முதியவர்களையும் நோயாளிகளையும் காலையில் விட்டுவிட்டு மற்றவர்களை வேலைக்கு நிறுத்திக்கொண்டார். வெட்டுக் கத்திகளும் அரிசியும் பறிமுதலாயின. அமெரிக்கத் தரப்புக் குறிப்புகளின்படி, துப்புரவு வேலைக்கு ஆள் போதவில்லை என்றபோது வரி பாக்கி உள்ள மலைவாசிகளை வரவழைக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஊர்த் தலைவர் அபயான்தான். கேப்டனும் ஒப்புக்கொண்டார். திடகாத்திரமான ஆட்கள் ஊருக்குள் அதிகாரபூர்வமாக வந்து சேர்ந்தார்கள். ஓர் எதிரிப் படையை நிர்வாக நடைமுறை மூலமாகவே ஊருக்குள் கொண்டுவந்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறுக்கு முந்தைய நாள் காலை, சிப்பாய்கள் உணவு அருந்திக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிகள் தள்ளி இருந்தன. காவல் தலைவர் வலேரியானோ அபனடோர், கைதிகளை வேலைக்கு அழைத்துச் செல்பவரைப் போல நடந்து வந்து, காவலில் நின்ற சிப்பாயின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரை வீழ்த்தினார். தேவாலய மணி ஒலித்தது. கோயிலுக்குள்ளும் கூடாரங்களிலும் சந்துகளிலும் இருந்தவர்கள் கத்தியோடு பாய்ந்தார்கள். ஏறத்தாழ 500 பேர் பங்கெடுத்ததாகக் கணக்கு. 74 அமெரிக்கர்களில் 48 பேர் இறந்தார்கள். கானெல் உட்பட மூன்று அதிகாரிகளும் அவர்களில் அடக்கம். பிலிப்பினோக்கள் இழந்தது 28 பேர் என்பது உள்ளூர் ஆய்வின் கணக்கு, அமெரிக்கத் தரப்பு பல மடங்கு கூட்டிச் சொன்னது. ஆண்கள் பெண் வேடமிட்டு வந்தார்கள், சவப்பெட்டிகளில் கத்திகளை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்ற விவரங்கள் எல்லா நூல்களிலும் உண்டு. அவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பின்னாள் அலங்காரம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எனக்கு அவை அவ்வளவு முக்கியமாகவும் படவில்லை. சவப்பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊர் முழுவதும் ஒரு ரகசியத்தைக் காத்தது என்பதே கனமான செய்தி. முந்தின நாளே பெண்களையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்துமளவுக்கு நிர்வாக ஒழுங்கு அவர்களிடம் இருந்தது.

மறுநாள் பாசேயிலிருந்து வந்த அமெரிக்கப் படை ஊரைக் கொளுத்தியது. அதன் பிறகு ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் சமாரின் உட்பகுதியை ஊளையிடும் பாழ்நிலமாக்க வேண்டும், ஆயுதம் தாங்கக்கூடிய, 10 வயதுக்கு மேற்பட்ட எவரையும் கொல்லலாம் என்று உத்தரவிட்டார். எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்குச் சில ஆயிரம் முதல் பல்லாயிரம் வரை மதிப்பீடுகள் உள்ளன. ஸ்மித் ராணுவ நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, கண்டிப்போடு விடப்பட்டு, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டால் ஓய்வில் அனுப்பப்பட்டார். மேஜர் லிட்டில்டன் வாலரின் கடற்படை வீரர்கள் 1901 டிசம்பர் இறுதியில் தீவைக் குறுக்காகக் கடக்க முயன்று, காட்டில் வழி தவறிப் பத்துப் பேரை இழந்தார்கள். அந்த ஆத்திரத்தில் அவர் 11 சுமைக்காரர்களை விசாரணையின்றிச் சுட உத்தரவிட்டு, வழக்கில் விடுதலையும் ஆனார். மேலே சொன்ன சுண்ணாம்புக் குன்றுகளின் கடுமை அப்போது அமெரிக்கருக்குப் புரிந்தது.

அன்று ஒலித்த தேவாலய மணிகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மணிகளையும் அமெரிக்கர் எடுத்துச் சென்றார்கள். இரண்டு வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்திலும், சிறியது தென்கொரியாவில் 9-ஆவது ரெஜிமென்டிடமும் இருந்தன. 1990-களில் ஜனாதிபதி ஃபிடெல் ராமோஸ் கேட்டும் கிடைக்கவில்லை. 2018 டிசம்பர் 11 அன்று மணிலாவுக்கு வந்து, 15-ஆம் தேதி ஊரிடம் ஒப்படைக்கப்பட்டன. செப்டம்பர் 28 கிழக்குச் சமார் முழுவதும் விடுமுறை. இது 1989-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் வந்தது.

அமெரிக்க ஆட்சி தந்த நகராட்சிச் சட்டம் 1901 ஜனவரி 31 தேதியிட்டது. தலைவரையும் மன்றத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வாக்குரிமை 23 வயது நிரம்பிய ஆண்களில் பழைய பதவி, சொத்து, அல்லது ஸ்பானிய, ஆங்கில எழுத்தறிவு உள்ளவர்களுக்கு மட்டும். அதனால் பழைய பிரமுகர் குடும்பங்களே புதிய தேர்தலிலும் வென்றன. அந்தப் பழக்கத்தின் வால் இன்னும் நீள்கிறது. 1965-இல் சமார் மூன்று மாகாணங்களாகப் பிரிந்தபோது பலாங்கிகா கிழக்குச் சமாருக்குப் போனது. நாட்டின் கிராமப் பிரிவுகள் அதுவரை பாரியோ என்று அழைக்கப்பட்டன. ஜனாதிபதி ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ஆட்சியில், 1974-இல், அவை பழைய பெயரான பரங்கைக்குத் திரும்பின.

இன்றைய ஆட்சி முறையின் அடிப்படை 1991-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம். நகராட்சித் தலைவரும் துணைத் தலைவரும் தனித்தனியாக மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். எனவே இருவரும் எதிரெதிர் கட்சியினராக இருக்கலாம், இருக்கவும் செய்கிறார்கள். சங்குனியாங் பாயன் என்ற மன்றத்துக்கு எட்டு உறுப்பினர்கள் தேர்தலில் வருகிறார்கள். பரங்கைத் தலைவர்களின் சங்கத் தலைவரும் இளைஞர் மன்றங்களின் கூட்டமைப்புத் தலைவரும் பதவி வழியில் சேர்கிறார்கள். மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர் துணைத் தலைவர். பதவிக்காலம் மூன்று ஆண்டு, தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கூடாது. மூன்று முறை முடிந்ததும் மனைவியோ மகனோ தம்பியோ நிற்பது வழக்கம். குடும்ப ஆட்சியைத் தடை செய்ய வேண்டும் என்று 1987 அரசியலமைப்பில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் எது குடும்ப ஆட்சி என்பதைச் சட்டம் வரையறுக்கட்டும் என்று விட்டுவிட்டது, அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் புரியும். 2016-இல் இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும் அப்படியொரு தடை வந்தது. பெரியவர்கள் தங்களுக்கு விலக்கு வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பித்தார்கள்.

காவல்துறையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1901-இல் அபனடோர் ஊரின் ஆள். இன்று காவலர்கள் தேசியக் காவல்துறையைச் சேர்ந்தவர்கள். மாகாண இயக்குநர் அனுப்பும் பட்டியலிலிருந்து ஊர்க் காவல் தலைவரை நகராட்சித் தலைவர் தேர்ந்தெடுக்கலாம், அன்றாட மேற்பார்வையும் அவருக்கு உண்டு, சம்பளம் மணிலாவிலிருந்து வருகிறது. பள்ளி ஆசிரியர்களும் அப்படியே. ஆரம்ப சுகாதாரம், வேளாண் விரிவாக்கம், சமூகநலம் மூன்றும் 1991-க்குப் பிறகு நகராட்சியின் சுமை. சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்பது நகராட்சியின் வரவுசெலவைப் பொறுத்தது.

அந்த வரவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் உண்மையான ஆட்சி இலக்கணம். சொத்து வரியில் மாகாணத்துக்கு 35 சதவீதம், நகராட்சிக்கு 40, பரங்கைக்கு 25. ஆனால் தென்னந்தோப்பும் மீன்பிடிப்பும் உள்ள ஊரில் சொத்து வரி எவ்வளவு சேரும்? பெரும்பங்கு தேசிய வரியிலிருந்து பங்காக வருகிறது. தேசிய அரசு உள்ளாட்சிகளுக்கு 40 சதவீதம் தர வேண்டும். அதில் மாகாணங்களுக்கு 23, நகரங்களுக்கு 23, நகராட்சிகளுக்கு 34, பரங்கைகளுக்கு 20 சதவீதம். ஒவ்வொரு நகராட்சிக்கும் எவ்வளவு என்பதில் பாதி மக்கள்தொகையைப் பொறுத்தது, கால் பங்கு நிலப்பரப்பு, கால் பங்கு சமப் பகிர்வு. பலாங்கிகா போன்ற ஊருக்கு ஆள் குறைவு, நிலம் அதிகம். அதனால் அந்தக் காட்டுப் பரப்பே ஒரு வகையில் வருமானம்.

2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பத்தாங்காஸ் மாகாணத்தின் ஹெர்மிலாண்டோ மண்டானாஸ் முதலியோர் தொடுத்த வழக்கில், 40 சதவீதத்தைச் சுங்க வரி உட்பட எல்லாத் தேசிய வரிகளிலிருந்தும் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2022-இல் உள்ளாட்சிகளின் மொத்தப் பங்கு சுமார் 95,900 கோடி பெசோவாக உயர்ந்தது. மூன்றாண்டுக்கு முந்தைய வரி வசூலை வைத்துக் கணக்கிடுவதால், கொரோனா ஆண்டான 2020-இன் சரிவு 2023-இல் தெரிந்தது. அந்த ஆண்டு பங்கு சுமார் 82,000 கோடியாகக் குறைந்தது. கூடுதல் பணத்தை நம்பிப் புதிய ஊழியரை அமர்த்திய சிறு நகராட்சிகள் தவித்தன. வருமானத்தில் பின்தங்கிய வகுப்பு நகராட்சிகள் ஊழியர் செலவுக்கு 55 சதவீதம் வரை போகலாம், மேல் வகுப்புகளுக்கு 45 தான். தேசியப் பங்கில் 20 சதவீதம் வளர்ச்சித் திட்டங்களுக்கு என்று ஒதுக்கியாக வேண்டும். மிச்சத்தில் எவ்வளவு விளையாட முடியும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இன்னொரு வேடிக்கை. இன்று புதிதாக ஒரு நகராட்சி அமைக்க வேண்டுமானால் 25,000 மக்கள் வேண்டும், புதிய பரங்கைக்கு 2,000 பேர் வேண்டும். பலாங்கிகா முதல் நிபந்தனையில் தேறாது, அதன் பரங்கைகளின் சராசரியோ 1,100 சொச்சம். பழையவை என்பதால் தொடர்கின்றன. ஆறு போப்லசியோன்களை இரண்டாகச் சேர்த்தால் செலவு மிச்சம் என்று ஒருவர் சொல்லலாம். சேர்த்தால் நான்கு தலைவர்களும் 28 மன்ற உறுப்பினர்களும் பதவி இழப்பார்கள், ஆகவே சேர்க்க மாட்டார்கள்.

பரங்கையில் ஒரு தலைவர், ககாவட் எனப்படும் ஏழு உறுப்பினர்கள், இளைஞர் மன்றத் தலைவர், செயலர், பொருளாளர். வேலைக்கு மனுப் போடவும் கடை வைக்கவும் முதலில் பரங்கைச் சான்று வேண்டும். மக்களுக்கு மிகவும் பயன்படுவது லூபோன் என்ற சமரசக் குழு. 10 முதல் 20 பேர் கொண்டது. ஒரே நகராட்சியில் வசிக்கும் இருவருக்கிடையே வேலித் தகராறு, கடன், சிறு கைகலப்பு போன்றவை நேராக நீதிமன்றம் போக முடியாது, முதலில் இங்கே வர வேண்டும். பரங்கைத் தலைவர் 15 நாள் பேசிப் பார்ப்பார். முடியாவிட்டால் மூவர் குழு கேட்கும். வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால் அது தீர்ப்பின் வலிமை பெறும். 1978-இல் மார்க்கோஸ் காலத்து ஆணையில் தொடங்கிய இந்த ஏற்பாடு, அந்த ஆட்சி விட்டுச் சென்றவற்றில் அபூர்வமாக உருப்படியான ஒன்று என்பது என் கணிப்பு.

இந்த நிர்வாகம் முழுவதும் 2013 நவம்பர் 8 அன்று சோதிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸில் யோலாண்டா என்று அழைக்கப்படும் ஹையான் புயல், அதிகாலை 4:40-க்குக் கிவானில் முதலில் கரையேறி, இந்தத் தென்கரையைச் சுழற்றிவிட்டு லெய்தேவைத் தாக்கியது. நாடு முழுவதும் அதிகாரபூர்வமாக 6,300 பேர் இறந்தார்கள். 1897 அக்டோபரில் ஏறத்தாழ இதே பாதையில் வந்த புயலில் கிழக்குக் கரையின் எர்னானி ஊரை அலை அடித்துச் சென்றது. 2013-இல் அதே ஊரில் மீண்டும் அலை புகுந்தது. தென்கரையில் வீட்டுக் கூரைகளோடு தென்னைகளும் போயின. புதிய கன்று காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டு ஆகும். கொப்பரை விற்று வாழ்ந்த குடும்பத்துக்கு அது ஒரு குழந்தையின் தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் வருமானமில்லை என்று பொருள்.

2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் வருவாயில் 5 சதவீதத்தைப் பேரிடருக்கு ஒதுக்க வேண்டும். அதில் 70 சதவீதம் முன்னேற்பாட்டுக்கு, 30 சதவீதம் உடனடி நிவாரணத்துக்கு. ஆண்டு வருவாய் 10 கோடி பெசோ என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், புயலடித்த அன்று கையில் இருப்பது 15 லட்சம். நூற்றுக்கணக்கான வீடுகள் விழுந்த ஊருக்கு அது அரிசி வாங்கவே காணாது. அதனால் மறுகட்டுமானத்தைத் தீர்மானித்தவர்கள் மணிலாவும் வெளிநாட்டு உதவி நிறுவனங்களும்தான். கரையிலிருந்து 40 மீட்டருக்குள் யாரும் குடியிருக்கக்கூடாது என்று மேலிருந்து அறிவிப்பு வந்தது. மீனவர் படகை விட்டுவிட்டு மேட்டில் குடியிருக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. எதிர்ப்புக்குப் பிறகு ஆபத்தின் அளவை வைத்து இடத்துக்கு இடம் முடிவு செய்யலாம் என்று தளர்த்தினார்கள். அந்தந்த நகராட்சி மன்றத்திடம் முதலிலேயே கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்கள்.

கடைசியாகத் தேர்தலைப் பற்றி. நகராட்சித் தேர்தல் மூன்றாண்டுக்கு ஒருமுறை மே இரண்டாம் திங்களன்று தவறாமல் நடக்கிறது. பரங்கைத் தேர்தலுக்கு அந்த மரியாதை இல்லை. 2013-க்குப் பிறகு 2018-இலும், அதன் பிறகு 2023 அக்டோபரிலும்தான் நடந்தது. ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் தள்ளிப்போட்டது. 2025 டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய தேர்தலையும் ஒரு புதிய சட்டம் 2026 நவம்பருக்குத் தள்ளி, பதவிக்காலத்தை நான்கு ஆண்டாக்கியது. நகராட்சித் தலைவருக்கும் மாகாண ஆளுநருக்கும் மூன்று ஆண்டு, பரங்கைத் தலைவருக்கு நான்கு ஆண்டு என்பதே இப்போதைய நிலை.